கையில் ஏந்திய மின்னல்

ஒளிப்படக்கலை பிறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரை, வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு மனிதர்தான் போக வேண்டியிருந்தது. பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் உருவப்படம் எடுக்கும் ஸ்டூடியோக்கள் பலவும் கட்டடத்தின் உச்சி மாடியில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருந்ததன் காரணம் இதுதான். படியேறக் காசும் உடுத்த நல்ல உடையும் உள்ளவர்களின் முகங்கள் நமக்கு ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஜன்னலற்ற அறைகளில் வாழ்ந்தவர்கள் அவ்வாறு மிஞ்சவில்லை. ஆகவே, தூக்கிச் செல்லத்தக்க விளக்கின் வரலாற்றை ஒரு கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது: யாருடைய இருட்டுக்குள் யார் விளக்கோடு போனார்கள்? உள்ளே இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு போனார்களா?

முதலில் போனவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் நதார். 1861இல் பாரிஸ் நகருக்கு அடியிலுள்ள எலும்புச் சுரங்கங்களில் அவர் படமெடுக்கத் தொடங்கினார். மின்கலங்களைத் தெருவிலேயே வைத்து, கம்பிகளைக் குழிகளின் வழியே இறக்கி, கீழே கரிமுனைகளுக்கிடையே வில்விளக்கை எரித்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை ஆயிற்று. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க யாராலும் முடியாது என்பதால், எலும்புகளை வண்டியில் இழுக்கும் தொழிலாளியின் இடத்தில், அவருடைய உடை அணிவித்த பொம்மை ஒன்றை நிறுத்தினார். இருட்டில் மனிதனைப் படமெடுக்க அன்று மனிதன் இல்லாமலிருப்பதே வசதியாக இருந்தது.

மக்னீசியம் இந்த நிலையை மாற்றியது. 1864இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பிரதர்ஸ், டெர்பிஷையரில் ஒரு சுரங்கத்தின் உட்புறத்தை மக்னீசிய ஒளியில் படமெடுத்தார். மறு ஆண்டு வானியலாளர் பியாஸி ஸ்மித் அதே ஒளியை எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் கொண்டுபோனார். ஆனால் மக்னீசிய நாடா மெல்ல எரியும், புகை மண்டும். 1887இல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீதேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியுடன் பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்ஃபைடையும் கலந்தார்கள். குளோரேட் தன்னிடமுள்ள ஆக்ஸிஜனைத் தந்துவிட, பொடி காற்றுக்குக் காத்திராமல் நொடிக்குள் எரிந்து முடிந்தது. மின்னல் ஒளி என்ற பொருளில் அதற்கு 'பிளிட்ஸ்லிஷ்ட்' என்று பெயரிட்டார்கள். சிவகாசியை அறிந்த நம் வாசகர்களுக்கு இந்தக் கலவையின் குணத்தை விளக்கத் தேவையில்லை.

அதே 1887இல், காலை உணவு மேசையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நான்கு வரிச் செய்தியாக இதைக் கண்டு கூவினார் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கில் பிறந்து 1870இல் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். பிச்சைக்காரரைப் போல அலைந்து, காவல் நிலையத்து இலவச விடுதியில் படுத்து எழுந்து, பின்னர் நியூயார்க்கின் மல்பெரி தெருவில் போலீஸ் செய்தியாளரானவர். குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளைப் பற்றி அவர் எழுதி எழுதிச் சலித்திருந்தார். எழுத்தை யாரும் நம்பவில்லை. படம் எடுக்கவோ வெளிச்சம் இல்லை. இப்போது வெளிச்சம் வந்துவிட்டது.

ஆரம்பத்தில் அந்தப் பொடியைத் தோட்டாவில் அடைத்துக் கைத்துப்பாக்கி போன்ற கருவியால் வெடித்தார்கள். நள்ளிரவில் ஐந்தாறு அந்நியர்கள் துப்பாக்கிகளோடு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். உறங்கியவர்கள் ஜன்னல் வழியாகத் தப்பி ஓடியதை ரீஸே 1901இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் வேடிக்கையாகச் சொல்கிறார். பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டு ஒரு வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்தத் தொடங்கினார். வீட்டுக்கு உகந்த பொருள் வாணலி என்பது அவருடைய சமாதானம். இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்கும் தீ வைத்துக்கொண்டார். பார்வையற்றோர் சிலர் குடியிருந்த ஒரு மேல்மாடி அறையில் அவர் கொளுத்திய பொடி, சுவரில் தொங்கிய காகிதத்தையும் கந்தலையும் பற்றிக்கொண்டது. அங்கே கண் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதை அவரே அடித்து அணைத்தார். பின்னர் தெருவில் நின்ற போலீஸ்காரரிடம் சொல்ல, அந்தக் கட்டடத்தில் அழுக்கு அவ்வளவு தடிப்பாக அப்பியிருப்பதால் தீ தானே மூச்சுத் திணறி அணைந்துவிடும் என்று அவர் சிரித்தாராம்.

ஆபத்தையும் வேடிக்கையையும் ஒதுக்கிவிட்டு அந்தப் படங்களைப் பார்ப்போம். பேயார்ட் தெருவின் ஒரு குடியிருப்பில், இரவுக்கு ஐந்து சென்ட் வாடகைக்கு ஒரு சிறு அறையில் அடுக்கப்பட்ட மனிதர்கள். ஒளி ஏறக்குறைய கேமராவின் திசையிலிருந்தே அவர்கள்மேல் பாய்கிறது. கண்கள் கூசுகின்றன, சிலர் பாதி விழிப்பில் இருக்கிறார்கள், மூட்டை முடிச்சுகளும் அடுப்பும் முகங்களும் ஒரே வெண்மையில் சமமாகத் தெரிகின்றன. ஓர் அறையின் நெருக்கத்துக்குச் சாட்சி சொல்ல இதைவிடச் சிறந்த ஒளி இல்லை. உருவப்படத்துக்கு இதைவிட மோசமான ஒளியும் இல்லை. ரீஸுக்கு வேண்டியது சாட்சியம். முகம் அவருக்கு இரண்டாம்பட்சமாகவே இருந்தது என்பது நம் கணிப்பு. 1890இல் அவர் வெளியிட்ட நூலில் சீனர்களையும் யூதர்களையும் இத்தாலியர்களையும் பற்றி அவர் மொத்தமாகச் சொல்லும் தீர்ப்புகளைப் படித்தால் இது உறுதிப்படுகிறது. ஆயினும் பயன் விளைந்தது என்பதை மறுக்க இயலாது. நகரப் போலீஸ் ஆணையராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1896இல் போலீஸ் விடுதிகளை மூடினார். மல்பெரி வளைவின் குடிசைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு 1897இல் பூங்காவாயின.

இதே நியூயார்க்கில், இதே பொடியோடு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் கிளம்பினார். லூயிஸ் ஹைன் ஒரு பள்ளி ஆசிரியர். 1904 முதல் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளைப் படமெடுத்தார். அவருடைய சுமை பெரிது: பெட்டிக் கேமரா, முக்காலி, கண்ணாடித் தட்டுகள், பொடி, அதைக் கொளுத்த நீண்ட கைப்பிடியுள்ள தட்டு. மொழி தெரியாத கூட்டத்தில் ஒரு குடும்பத்தைத் தேர்ந்து, சைகையால் நிற்கச் சொல்லி, குவியம் பார்த்து, பொடியை நிரப்பி, தட்டைக் கையால் உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு வெடி. பிறகு அறை முழுக்கப் புகை. இரண்டாம் வாய்ப்பு அரிது.

இத்தனை ஏற்பாடும் நடந்து முடிய நேரம் பிடித்தது. அந்த நேரத்தில்தான் எதிரே நின்றவர் தம் குழந்தையைச் சேர்த்துக்கொண்டார், முக்காட்டைச் சரிசெய்தார், நிமிர்ந்தார். 1905இன் படங்களில் தொலைந்த மூட்டையைத் தேடும் இத்தாலியக் குடும்பமும், இளம் ரஷ்ய யூதப் பெண்ணும் நம்மைப் பார்க்கும் விதத்தில் திடுக்கிடல் இல்லை. தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நீண்ட தட்டில் கொட்டிய பொடி ஒரு புள்ளியாக எரிவதில்லை; தட்டின் நீளத்துக்குப் பரவி எரியும். ஒளியின் மூலம் அகலமாக ஆக நிழலின் விளிம்பு மென்மையாகும். அது கேமராவை விட்டு விலகி, உயரத்திலிருந்து விழும்போது மூக்குக்கும் கன்னத்துக்கும் வடிவம் கிடைக்கும்.

1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஹைன் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போனார். அனுமதி கிடைக்காத இடங்களில் பைபிள் விற்பவராகவும் அஞ்சலட்டை விற்பவராகவும் வேடமிட்டார். தம் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு அவற்றோடு ஒப்பிட்டுக் குழந்தைகளின் உயரத்தைக் கணித்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே குறிப்பெழுதினார். முதலாளியை ஏமாற்றத் தயங்காத இந்த மனிதர் குழந்தைகளை நேர்நின்று பார்க்கச் சொல்லியே எடுத்தார். கூட்டாட்சிச் சட்டம் 1916இல் வந்து, 1918இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதென்றாகி, 1938இல்தான் நிலைபெற்றது. 1940இல் ஹைன் வறுமையில் இறந்தார்.

பொடியின் காலம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. 1929இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த பல்பில் அலுமினியத் தகடும் ஆக்ஸிஜனும் கண்ணாடிக்குள் அடைபட்டிருந்தன. புகையும் தீ அபாயமும் போயின. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பல்பு. 1930களில் எம்.ஐ.டி.யின் ஹெரால்ட் எட்ஜர்ட்டன், வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி மீண்டும் மீண்டும் மின்னச் செய்தார். இன்றைய ஃப்ளாஷ் அதன் வாரிசு. நான்கு பென்சில் பாட்டரியில் இயங்கும் அளவுக்கு அது சுருங்கியதும் கேமராவின் தலையிலேயே அமர்ந்துவிட்டது. ரீஸின் ஒளி திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம்: முகங்கள் தட்டையாக, பின்சுவரில் கரிய நிழல்.

அதைத் தலையிலிருந்து இறக்கும் பழக்கம் தொழில்முறைக் கலைஞர்களிடம் என்றும் இருந்ததுதான். பால்டிமோர் நாளிதழ்க் கலைஞர் டேவிட் ஹாபி 2006 முதல் 'ஸ்ட்ரோபிஸ்ட்' என்ற பெயரில் எழுதிய பாடங்களால் அது அமெச்சூர்களிடமும் பரவியது. ஒரு சிறு ஃப்ளாஷ், மடக்கும் ஸ்டாண்டு, வெள்ளைக் குடை, ரேடியோ டிரிக்கர். எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் அறையின் இயல்பான வெளிச்சம் கூடும், ஃப்ளாஷின் பங்கு மாறாது. லென்ஸ் துவாரத்தை மாற்றினால் இரண்டும் மாறும். பெரும்பாலான கேமராக்களில் ஷட்டரை ஏறத்தாழ 1/250 நொடிக்கு மேல் விரைவாக்கினால் படத்தின் ஒரு பகுதி கருத்துவிடும். குடையை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் ஒளி நான்கில் ஒரு பங்காகும், நிழலும் கூர்மையாகும். ஆகவே குடை முகத்துக்கு அருகில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் நிற்கட்டும். திறந்தவெளியில் காற்று குடையைக் கவிழ்த்துவிடும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வேண்டும், அல்லது பிடித்துக்கொள்ள ஒரு நண்பர் வேண்டும்.

ஹைனுக்குக் கிடைக்காத வசதி ஒன்று நமக்கு உண்டு. முதல் சோதனைப் படத்தைக் கேமராவின் பின்திரையில், எதிரே நிற்பவரிடம் காட்டலாம். தம் முகம் தமக்குப் பிடித்தபடி வந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். இல்லையென்று சொன்னால், குடையை ஓரடி நகர்த்திவிட்டு மறுபடி எடுக்கலாம். வேண்டவே வேண்டாம் என்றால் பையில் மடித்து வைத்துவிடலாம்.