இடுக்குப் பள்ளத்தாக்கு நடைப்பயணம்: பக்ஸ்கின் கல்ச்

ஸ்லாட் கேன்யன் எனப்படும் இடுக்குப் பள்ளத்தாக்கு, அகலத்தைப் போலப் பல மடங்கு ஆழம் கொண்டது. வறண்ட நிலத்து மணற்பாறையைக் காட்டாற்று வெள்ளம் அறுத்து உண்டாக்கியது. உணவையும் குடிநீரையும் படுக்கையையும் முதுகில் சுமந்து, தேங்கிக் கிடக்கும் குட்டைகளில் இறங்கி, வழியை அடைத்து நிற்கும் பாறைகளில் கைகால் ஊன்றித் தொற்றி இதைக் கடப்பது அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் தனியொரு பயண வகையாக வளர்ந்திருக்கிறது. யூட்டா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள பக்ஸ்கின் கல்ச் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பரீயா ஆற்றில் சேரும் இந்த ஓடை, உலகின் மிக நீளமான இடுக்குப் பள்ளத்தாக்குகளுள் ஒன்று. இத்தகைய பயணத்தைப் பாலைவன நடை என்றோ, பாறையேற்றத்தின் எளிய வடிவம் என்றோ பலர் எண்ணுகிறார்கள். நில அமைப்பும் நேர்ந்த விபத்துகளும் வேறொன்றைக் காட்டுகின்றன. இது ஆற்றுக்குள்ளேயே செல்லும் பயணம். ஆறு ஓடாத நேரம் பார்த்து உள்ளே போகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே உடல் வலுவும் ஏறும் திறமையும் இரண்டாம் இடத்தில்தான் நிற்கின்றன. அன்று காலை நுழைவாயிலில் நின்று எடுக்கும் முடிவே உயிரைக் காக்கிறது.

பாறையும் நீரும்

இந்தப் பள்ளத்தாக்கின் சுவர்கள் நவஹோ மணற்பாறையால் ஆனவை. ஏறத்தாழ 18 முதல் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில், இங்கே பரந்து கிடந்த மணற்குன்றுகள் புதையுண்டு இறுகி இப்பாறை உண்டாயிற்று. காற்று அடுக்கிய மணல் என்பதைச் சுவர்களில் சாய்வாக ஓடும் வரிகள் இன்றும் காட்டுகின்றன. பின்னர் கொலராடோ மேட்டுநிலம் உயர்ந்தபோது, அதன்மேல் ஓடிய நீரோடைகள் கீழ்நோக்கி அறுக்கத் தொடங்கின. மழை மிகுந்த நாட்டில் ஓர் ஓடை பாறையை அறுக்கும்போதே, அதன் கரைகளும் மழையிலும் வேர்களிலும் உறைபனியிலும் சிதைந்து சரிகின்றன; பள்ளத்தாக்கு அகல்கிறது. வறண்ட நிலத்தில் கரைகள் சிதைவது மெதுவாக நடக்கிறது. ஆண்டில் சில மணி நேரமே பாயும் வெள்ளமோ மணலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு வந்து அடித்தளத்தை அராவுகிறது. பாறை பெரிய விரிசல்கள் இல்லாமல் ஒரே சீராக இருப்பதால் சுவர் சரியாமல் செங்குத்தாக நிற்கிறது. பக்ஸ்கினில் சுவர்கள் 120 மீட்டருக்கு மேலும் உயர்கின்றன. குறுகலான இடங்களில் இரண்டு கைகளையும் விரித்தால் இரு சுவரும் தொடும்.

இந்த வடிவத்திலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. மேலேயுள்ள நிலம் பெரும்பாலும் வெறும் பாறை. மண்ணும் புல்லும் குறைவு. தகரக் கூரையில் விழுந்த மழையைப் போல, இங்கே பெய்வது ஊறி இறங்காமல் உடனே ஓடிவிடுகிறது. 20 மீட்டர் அகல ஓடையில் அரை மீட்டர் ஆழத்துக்கு ஓடும் நீர், அதே வேகத்தில் 2 மீட்டர் இடுக்குக்குள் போக வேண்டுமானால் 5 மீட்டர் ஆழம் வேண்டும். உண்மையில் வேகமும் கூடும் என்பதால் ஆழம் ஓரளவு குறையலாம். ஆனால் எந்த வகையில் கணக்கிட்டாலும் ஒரு மனிதர் நிற்க இடமில்லை. இதற்கான சான்று பக்ஸ்கின் சுவர்களிலேயே தெரிகிறது. நடப்பவரின் தலைக்கு மேல் பல மீட்டர் உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே முழு மரக்கட்டைகள் செருகிக் கிடக்கின்றன. அவற்றை யாரும் ஏற்றி வைக்கவில்லை. அந்த உயரத்தில் மிதந்து வந்து, நீர் வடிந்தபோது சிக்கிக்கொண்டவை அவை. கடந்த வெள்ளம் எங்கே நின்றது என்பதை அந்தக் கட்டையைவிடத் தெளிவாக எந்த எச்சரிக்கைப் பலகையும் சொல்லிவிட முடியாது.

வழியும் தடைகளும்

யூட்டாவின் கனாப் ஊரையும் அரிசோனாவின் பேஜ் ஊரையும் இணைக்கும் 89ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே பிரியும் மண் சாலையில் வயர் பாஸ் நுழைவிடம் இருக்கிறது. அங்கிருந்து வயர் பாஸ் என்ற சிறு இடுக்கின் வழியே 2.7 கிலோமீட்டர் நடந்தால் பக்ஸ்கின் கல்ச் வரும். அந்தச் சந்திப்பில், மலையாடுகளைச் செதுக்கிய பழங்காலப் பாறைச் சித்திரங்கள் உள்ளன. அதன்பின் பரீயா ஆறு வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் இடுக்குக்குள்ளேயே நடை. பரீயாவை அடைந்தபின் ஆற்றை எதிர்த்து மேலே நடந்து வைட் ஹவுஸ் நுழைவிடத்தில் வெளியேறினால் மொத்தம் 33 கிலோமீட்டர் அளவில் முடியும். பெரும்பாலோர் இதை இரண்டு நாளில் நடக்கிறார்கள். ஆற்றோடு கீழே இறங்கி கொலராடோ நதிக்கரையிலுள்ள லீஸ் ஃபெர்ரி வரை போவது 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குப் பல நாள் வேண்டும்.

தடைகளில் முதலாவது குட்டைகள். வெள்ளம் வடிந்த பிறகு பள்ளங்களில் தங்கும் நீர், வெயில் எட்டாத ஆழத்தில் கிடப்பதால் மாதக்கணக்கில் வற்றுவதில்லை. சில நாள் கணுக்கால் அளவு. சில நாள் இடுப்பு, மார்பு வரை. சில ஆண்டுகளில் நீந்தியே கடக்க வேண்டும். கலங்கிய சேற்றுநீரில் அடி தெரியாது. ஊன்றுகோலால் முன்னே குத்திப் பார்த்துத்தான் காலை வைக்க முடியும். மேலே 40 டிகிரியை நெருங்கும் வெயில் அடிக்கும் நாளிலும் உள்ளே நீர் உறையவைக்கும் குளிராக இருக்கும். நனைந்த உடலோடு நிழலில் மணிக்கணக்கில் நடப்பவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோகலாம். பாலைவனம் என்று எண்ணி மெல்லிய உடையோடு வருபவர் இங்கேதான் தடுமாறுகிறார். மாற்றுடையும் தூக்கப் பையும் நீர் புகாத பைக்குள் இல்லாவிட்டால் இரவும் துன்பம்தான். குட்டை நீர் குடிக்கத் தகாதது. பரீயாவின் நீரோ வண்டல் மண்டியது. எனவே முதல் நாளுக்கான தண்ணீர் முழுவதையும் சுமந்தே வர வேண்டும்.

இரண்டாவது தடை, பரீயா சந்திப்புக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்பு வழியை அடைத்து நிற்கும் பாறைக் குவியல். மேலிருந்து விழுந்த பெரும் பாறைகள் இடுக்கில் சிக்கி அடுக்காகக் கிடக்கின்றன. ஒரு பக்கம் பாறையில் கால் வைக்கச் செதுக்கிய குழிகளைப் பிடித்து இறங்கலாம். சில ஆண்டுகளில் பாறைகளுக்கு அடியிலுள்ள பொந்தில் நுழைந்து வெளிவரலாம். அந்தப் பொந்து அடுத்த வெள்ளத்தில் மணலால் அடைபடலாம், மீண்டும் திறக்கலாம். முன்பு வந்தவர்கள் கட்டிவிட்டுப் போன கயிறுகள் அங்கே தொங்குவதுண்டு; வெயிலிலும் வெள்ளத்திலும் நைந்த கயிற்றை நம்பாமல் சொந்தக் கயிறு கொண்டுவருவதே முறை. முதுகுப்பைகளை முதலில் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, கைகளை விடுவித்துக்கொண்டு ஆள் இறங்க வேண்டும். ஏறுதல் என்ற அளவில் இது பெரிய சவாலல்ல. ஆனால் ஓராண்டு எழுதிய வழிக்குறிப்பு மறு ஆண்டு பொருந்தாது என்பதில் இதன் சிக்கல் இருக்கிறது. குட்டையின் ஆழமும் பொந்தின் வாயும் ஒவ்வொரு வெள்ளத்திலும் மாறுகின்றன. இங்கே வழியை அமைப்பதும் நீர்தான்.

தப்பும் வழிகள் மிகக் குறைவு. ஏறத்தாழ நடுவில் மிடில் ரூட் என்ற ஓரிடத்தில் மட்டும் சுவரில் தொற்றி மேலேறலாம்; சுமையோடு அதுவும் எளிதல்ல. பரீயா சந்திப்பை நெருங்கும்போது மரங்கள் நிற்கும் உயரமான மணல்மேடு வருகிறது. பக்ஸ்கினில் இரவு தங்கத் தக்க இடம் அதுதான்.

விபத்துகள் சொல்வது

1997 ஆகஸ்ட் 12 அன்று, இதே வட்டாரத்தில் பேஜ் ஊரருகே உள்ள லோயர் ஆன்ட்டிலோப் கேன்யனில் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தனர். பள்ளத்தாக்கின் மேல் அப்போது பெருமழை இல்லை. மழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவில், ஓடையின் மேற்பகுதியில். 2015 செப்டம்பர் 14 அன்று சயன் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் எழுவர் இறந்தனர். அது கயிற்றில் இறங்க வேண்டிய இடுக்கு. அவர்கள் முறைப்படி அனுமதி பெற்றவர்கள். திடீர் வெள்ளம் வரக்கூடும் என்ற அன்றைய முன்னறிவிப்பும் பூங்கா அலுவலகத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தது. அதே நாள் மழையில் அருகிலுள்ள ஹில்டேல் ஊரில் வாகனங்களோடு அடித்துச் செல்லப்பட்டு 13 பேர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் பக்ஸ்கின் வழியாகச் சென்ற மூவரில் இருவர் வெள்ளத்தில் இறந்தனர், ஒருவர் மீட்கப்பட்டார்.

பள்ளத்தாக்குகளுக்குள் நேர்ந்த இந்த மூன்று நிகழ்வுகளும் மூன்று வெவ்வேறு நம்பிக்கைகளை உடைக்கின்றன. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தால் போதும் என்பதை முதலாவது பொய்யாக்குகிறது. கயிறும் அனுமதியும் காக்கும் என்பதை இரண்டாவது பொய்யாக்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தைத் தவிர்த்தால் போதும் என்பதை மூன்றாவது பொய்யாக்குகிறது; குளிர்காலப் பனியும் மழையும் சேர்ந்தால் மார்ச்சிலும் ஓடை பெருகும்.

மறுப்புகளும் விடைகளும்

நுழைவாயிலில் எடுக்கும் முடிவே உயிரைக் காக்கிறது என்ற வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இடுக்குகளில் நேரும் ஆபத்து எல்லாம் வெள்ளம் அல்லவே என்பது. ஏரன் ரால்ஸ்டன் 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் கேன்யனில், நகர்ந்த பாறை ஒன்று வலக்கையை நசுக்கிப் பிடிக்க, ஐந்து நாளுக்கு மேல் சிக்கிக் கிடந்து, இறுதியில் கையை வெட்டிக்கொண்டு மீண்டார். டேனி பாய்ல் இயக்கி ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த '127 அவர்ஸ்' படத்தால் இந்நிகழ்வு தமிழ்நாட்டிலும் அறிமுகமானது. அங்கே வெள்ளம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் விபத்தை ஐந்து நாள் சிறையாக மாற்றியது, எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது. அதுவும் உள்ளே நுழைவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. ஆகவே இந்த நிகழ்வு வாதத்தை மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது.

இரண்டாவது மறுப்பு, ஆண்டுதோறும் ஏராளமானோர் நலமாக நடந்து திரும்பும்போது சில மரணங்களை வைத்து இத்தனை அச்சம் வேண்டுமா என்பது. சராசரி ஆபத்து குறைவுதான். ஆனால் அது எல்லா நாளும் சமமாகப் பரவிய ஆபத்தல்ல. பெரும்பாலான நாள்களில் ஏறக்குறைய இல்லை. சில நாள்களில் தப்ப வழியே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் நலமாகத் திரும்பியவர்களின் எண்ணிக்கை, அவர்கள் போன நாள் வறண்டிருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. பத்து முறை போய் வந்தவர் நடையில் தேறியிருக்கலாம். வெள்ளத்தைப் பற்றி அவர் கற்றது எதுவும் இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது மறுப்பே கனமானது: இன்று வானிலை முன்னறிவிப்பும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளும் இருக்கின்றனவே? முன்னறிவிப்பு மிகவும் தேறியிருக்கிறது. அதைப் பார்க்காமல் செல்வது மடமை. எனினும் அது ஒரு வட்டாரத்தின் வாய்ப்பைச் சொல்கிறது. எந்த ஓடையின் தலைப்பகுதியில் இடிமேகம் நிற்கும் என்பதை அது உறுதியாகச் சொல்வதில்லை. பக்ஸ்கினில் இரவு தங்குபவருக்குத் தேவை மறுநாளின் நிலவரம். அதுவோ முதல் நாள் காலையில் பார்த்துவிட்டுப் போனது. உள்ளே போனபின் கைபேசி இயங்காது. வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில் செயற்கைக்கோள் கருவியும் தட்டுத் தடுமாறும். செய்தி வந்து சேர்ந்தாலும், ஏறித் தப்பும் இடம் சில மணி நேர நடையில் இருந்தால் பயனில்லை. தொழில்நுட்பம் நுழைவாயில் முடிவைச் செம்மையாக்க உதவுகிறது. அந்த முடிவைப் பயணத்தின் நடுவுக்குத் தள்ளிப்போட அதனால் முடியாது.

அனுமதி முறையும் அதன் குறையும்

பக்ஸ்கின் கல்ச் 1984இல் அமைந்த பரீயா கேன்யன்–வெர்மிலியன் கிளிஃப்ஸ் காட்டுநிலத்தில் அடங்கும். கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம் இதை நிர்வகிக்கிறது. இரவு தங்கும் பயணிகள் நாளொன்றுக்கு 20 பேர் மட்டுமே. தீ மூட்டக் கூடாது. மனிதக் கழிவையும் பைகளில் கட்டி வெளியே சுமந்து வர வேண்டும். வெள்ளப் பாதையில் புதைத்த எதுவும் புதைந்தபடி இருக்காது என்பதால் இந்தக் கடைசி விதியும் நீரை ஒட்டியதே. ஆனால் அனுமதி முறை கூட்டத்தைக் கட்டுப்படுத்த எழுந்தது. வானிலையை அது ஆராய்வதில்லை. இதற்கு மாறாக, சயன் பூங்காவின் நேரோஸ் பகுதியில் வர்ஜின் ஆற்றின் நீரோட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினாலும், திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலும் வழி மூடப்படுகிறது. எப்போதும் ஓடும் ஆறு என்பதால் அங்கே அளவுகோல் வைக்க முடிகிறது. வறண்டு கிடக்கும் பக்ஸ்கினில் அளக்க நீரே இல்லை. வந்தபின் அளந்து பயனும் இல்லை.

வானிலையை ஆராயும் வேலையைப் பயணியே செய்தாக வேண்டும் என்னும்போது, அனுமதி முறையே அவருக்கு எதிராக நிற்கிறது. இடங்கள் குறைவு என்பதால் அனுமதியைச் சில மாதம் முன்பே பிடிக்க வேண்டியிருக்கிறது. விமானச் சீட்டும் விடுமுறையும் வெளியேறும் இடத்தில் நிறுத்தும் இரண்டாவது வண்டியும் அந்தத் தேதியோடு கட்டப்படுகின்றன. வானிலை தெரிவதற்கு முன்பே எல்லாச் செலவும் செய்து முடிந்துவிடுகிறது; விட்டால் அடுத்து எப்போது இடம் கிடைக்கும் என்று தெரியாது. அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் நின்று திரும்புவது பாறைக் குவியலில் இறங்குவதைவிடக் கடினம். கெட்ட வானிலையில் திரும்புபவருக்கு மாற்றுத் தேதி தரும் ஏற்பாடு இருந்தால், எந்தப் புதுத் தடையும் விதிக்காமலே பல உயிர்களைக் காக்கலாம். அதுவரை அந்த ஏற்பாட்டைப் பயணியே செய்துகொள்ள வேண்டும். பக்ஸ்கினுக்குத் திட்டமிடுபவர், அதே தேதிக்கு மேட்டுநிலத்தில் நடக்கத்தக்க வேறொரு வழியையும் முழுமையாகத் திட்டமிட்டு வர வேண்டும். போக வேறிடம் இருப்பவரால் மட்டுமே வயர் பாஸ் வாயிலில் நின்று நேர்மையாக முடிவெடுக்க முடியும்.