சேதி சொன்னவர்களின் சேதி

எங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் எந்தச் சேதியும் அவர் வாய் வழியாகத்தான் வர வேண்டும். ஏரி மீன் ஏலமா, புளியமரக் குத்தகையா, தீர்வை கட்டக் கடைசி நாளா, மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்துவதா, கணக்குப்பிள்ளை ஒரு தடவை வாசித்துக் காட்டுவார். தாத்தா அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டு தமுக்கைத் தோளில் மாட்டிக் கிளம்பிவிடுவார். "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்..." இந்தச் 'சகலமானவர்' யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர்த்தெருக்களை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் சேரிக்கு வருவார். சில சேதிகளுக்குச் சேரியில் அடிக்கவே வேண்டாம் என்று வாய்மொழி உத்தரவு. ஏலச் சேதி அதில் ஒன்று.

சாவுச் சேதியும் அவர் தலையில்தான். ஊர்த்தெருவில் யாராவது செத்தால் ராத்திரி, மழை என்று பார்க்காமல் எட்டு மைல் பத்து மைல் நடந்து, உறவுக்காரர் ஊருக்குப் போய், வாசலுக்கு எட்ட நின்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு படி கேழ்வரகோ, சில்லறையோ துண்டில் விழும். அவரைப் பெற்ற தாய் செத்தபோது சேரியைத் தாண்டி யாருக்கும் எந்தச் சேதியும் போகவில்லை.

பறை என்றால் 'சொல்' என்பதை எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். மலையாளத்தில் இன்றைக்கும் சொல்வதற்குப் பெயர் பறைவதுதான். மணிமேகலையின் விழாவறை காதையில் யானைப் பிடரியில் முரசேற்றி இந்திரவிழாவை அறிவிக்கிறவனைப் பழங்குடியில் பிறந்தவன் என்று சாத்தனார் மரியாதையாகச் சொல்கிறார். வகுப்பில் ஐயா இதை நடத்தியபோது எனக்குத் தாத்தாவின் தமுக்குதான் ஞாபகம் வந்தது. யானைமேல் இருந்தவன் எப்போது வாசலுக்கு எட்ட நிற்கிறவன் ஆனான் என்று கேட்க வாய் வரவில்லை.

தமிழ் இதழியல் வரலாறு என்று நமக்குப் பாடமாக வைத்த புத்தகங்கள் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனை விரிவாகப் பேசும். அதற்கு 13 வருஷம் முன்னாலேயே, 1869இல் சென்னையில் 'சூரியோதயம்' வந்துவிட்டது. 1871இல் 'பஞ்சமன்'. 1885இல் ஜான் ரத்தினத்தின் 'திராவிடப் பாண்டியன்'. இவை எல்லாம் நம்மாட்கள் நடத்திய பத்திரிகைகள். பாபாசாகேப் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியது 1920 ஜனவரி 31இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே அச்சு மை நம் கையில் ஒட்டியிருக்கிறது. சேரியில் அன்றைக்கு எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? அப்படியும் பத்திரிகை நடத்தினார்கள் என்றால், ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதுவும் ஒருவகையில் பறையறைதல்தானே.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். கையில் பத்து ரூபாய். நாலு பக்கம், மாதம் ஒருமுறை. முதல் இதழ் இரண்டே நாளில் 400 பிரதி விற்றது என்று தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதுகிறார். கொஞ்ச நாளில் அது வாரப் பத்திரிகை ஆனது. எந்தச் சொல்லைச் சொல்லி எட்ட நிறுத்தினார்களோ அதையே முகப்பில் பெரிய எழுத்தில் அடித்து வீதியில் விற்றார். இதில் எல்லாருக்கும் சம்மதம் இல்லை. அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதருக்கே அந்தப் பெயர் பிடிக்காது. அது பகைவர்கள் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் கட்சி. ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்தச் சண்டை இன்றுவரை நமக்குள் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

வாசகர் ஒருவரின் கடிதத்தை வெளியிட்டதற்காகப் பறையன்மேல் வழக்கு வந்தது. நூறு ரூபாய் அபராதம். பத்து ரூபாயில் தொடங்கிய பத்திரிகைக்கு நூறு ரூபாய்! அப்படியும் நிற்காமல் ஆசிரியர் கடல் கடந்து போகும்வரை ஏழு வருஷம் ஓடியது.

எங்க தாத்தாவுக்கும் ஓர் அபராதம் உண்டு. 1966 வாக்கில் என்பார் அப்பா. புளியமர ஏலத்துக்குத் தமுக்குப் போடச் சொன்னபோது தாத்தா வழக்கத்தை மாற்றிச் சேரியில் முதலில் அடித்துவிட்டார். மறந்துபோய் அடித்தாரா, வேண்டுமென்றே அடித்தாரா என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். சேரியிலிருந்து மூணு பேர் ஏலம் கேட்கப் போய் நின்றார்கள். ஏலம் தள்ளி வைக்கப்பட்டது. மறு ஏலத்துக்கு வேறு ஆளை வைத்துத் தமுக்கு அடித்தார்கள். தாத்தாவுக்கு அந்த வருஷம் களத்து நெல் கிடையாது. சட்டம் வேறுமாதிரி பேசும். ஜப்தி உத்தரவை 'பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ' அறிவிக்க வேண்டும் என்று 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் (ஆணை 21, விதி 54) இருக்கிறது. யார் காதில் முதலில் விழ வேண்டும் என்று அதில் இல்லை.

அந்தக் காலத்தில்தான் பண்டிதர் ராயப்பேட்டையில் வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ். விலை ஒரு பைசா. அடுத்த வருஷமே 'தமிழன்'. பௌத்தம், இந்திரர் தேச சரித்திரம், வைத்தியம், விவசாயம், சுதேசிகளுக்குக் கேள்விமேல் கேள்வி என்று 1914இல் அவர் சாகும்வரை வந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் ஜனங்கள் அதற்கு வாசகர்கள், சந்தாதாரர்கள். 1926இல் அங்கிருந்தே ஜி. அப்பாதுரையார் ஆசிரியராகத் 'தமிழன்' மறுபடி புறப்பட்டது. அதற்கிடையில் 1919இல் கொழும்பிலிருந்து 'ஆதி திராவிடன்' வந்தது. சூரியோதயம் முதல் 1943இன் 'உதயசூரியன்' வரை ஒரு நீண்ட வரிசையையே ஜெ. பாலசுப்பிரமணியம் 2017இல் புத்தகமாகக் கொடுத்திருக்கிறார்.

அந்த வரிசையில் பலவற்றுக்குப் பெயர்தான் மிச்சம். தாள் இல்லை. நூலகங்கள் வாங்கவில்லை, வாங்கினாலும் காக்கவில்லை. பறையனில் வந்த சேதிகள் சில எங்கே இருக்கின்றன தெரியுமா? வெள்ளைக்கார சர்க்கார் சுதேசிப் பத்திரிகைகளை வேவு பார்த்து வாராவாரம் ஆங்கிலத்தில் எழுதிவைத்த அறிக்கைகளில். நம் பாட்டன் தமிழில் எழுதியதை நாம் போலீஸ் கண்ணோடு எழுதிய ஆங்கிலத்திலிருந்து திருப்பி மொழிபெயர்த்துப் படிக்கிறோம். தமிழன் பிழைத்தது, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிப்பிடித்துப் பாதுகாத்ததால். அதிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள் எந்தப் பெட்டியை எடுத்துப் போனார்கள், எதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார்கள்?

பிறகு நாளிதழ்களின் காலம். 1942இல் மதுரையில் 'தந்தி' பிறந்தபின் டீக்கடை பெஞ்சு வரைக்கும் பேப்பர் வந்தது. பெஞ்சில் ஊர்க்காரர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். தனிக் கிளாஸில் டீ வாங்கியவர்கள் கீழே குந்திக் கேட்பார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்ததையும் எங்க தாத்தா அப்படிக் குந்தித்தான் கேட்டார். கூலித் தகராறு என்று படித்தார்களாம். சேரி என்ற சொல் காதில் விழவில்லையாம்.

எழுதும் இடத்தில் யார் இருந்தார்கள்? 1996 நவம்பரில் பி.என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலை வைத்துக்கொண்டு தேடியும் ஒருவர்கூட அவர் கண்ணில் படவில்லை. அந்தப் பத்தாண்டில்தான் இங்கே கோடாங்கி, மனுசங்க, தலித் முரசு என்று நம் இதழ்கள் மறுபடி கிளம்பின. கடனில் அச்சாகி, கூட்டம் நடக்கும் இடங்களில் தரையில் விரித்து விற்றவை. அவற்றின் பழைய இதழ்களையே இன்று முழுசாகச் சேர்க்கப் படாதபாடு படவேண்டியிருக்கிறது. முப்பது வருஷத்துத் தாளுக்கே இந்தக் கதி.

தமுக்கின் கதை தனியாக முடிந்தது. எண்பதுகளில் அப்பா அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மைக் செட் வந்தது, ஆட்டோ வந்தது. பறையைத் தூக்கிப் போடு என்று இயக்கத்தில் ஒரு சாரார் சொல்ல, அதை மேடையேற்றி அடி என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். அப்பா முதல் கட்சி. நான் கல்லூரியில் பறை பழகியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்த வேண்டும், வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தால் போதும் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். பேப்பரில் வந்த அந்தச் சேதியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் உட்டு நாப்பது வருசம் ஆவுது, இப்பத்தான் இவங்களுக்குத் தெரியுதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வருசத்து நெல்லப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா பாரு" என்று கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.