ஆர்குட்டைத் தடை செய்த பென் டிரைவ்

"ஆர்குட்டை கவர்மென்ட் பேன் பண்ணாங்களே, அது 2007-லயா 2008-லயா?" இந்தக் கேள்வியை என்னிடம் குறைந்தது மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூவருமே அந்தச் சமயத்தில் கல்லூரியில் படித்தவர்கள். பதில்: ரெண்டுலயும் இல்லை. இந்திய அரசு ஆர்குட்டைத் தடை செய்யவே இல்லை. 2004 ஜனவரியில் தொடங்கிய தளத்தை 2014 செப்டம்பர் 30 அன்று கூகுளே மூடியது. ஆனால் கேட்டவர்கள் கதை விடவில்லை. "பேன்" என்ற வார்த்தையை வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள்.

2007-ல் பரவிய ஒரு புழுவின் வேலை அது. சி டிரைவில் 'ஹீப்41ஏ' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை ஒளித்து வைக்கும். அதன் பிறகு நீங்கள் ஆர்குட்டைத் திறந்தால் ஒரு பெட்டி எழும்பும். 'ஆர்குட் தடை செய்யப்பட்டுவிட்டது முட்டாளே, இந்த நிரலை எழுதியது அட்மினிஸ்ட்ரேட்டர்கள் இல்லை, யாரென்று கண்டுபிடி' என்று ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் 'முஹாஹாஹா' என்று வில்லன் சிரிப்பு வேறு. யூடியூபுக்கும் இதே மரியாதைதான். ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மாறச் சொல்லி மிரட்டும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்கள் எழுதவில்லை' என்று புழுவே ஒப்புக்கொள்கிறது, பாருங்கள். பதற்றத்தில் அந்த இரண்டாவது பாதியை யார் படித்தார்கள்?

இதை எழுதியவர் பெரிய வித்தைக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஆட்டோஹாட்கீ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. அடிக்கடி செய்யும் வேலைகளை ஒரு விசைத் தட்டலில் முடிப்பதற்கான கருவி. அதில் எழுதிய சில ஸ்கிரிப்ட்கள்தான் மொத்தப் புழுவும். திறந்திருக்கும் ஜன்னலின் தலைப்பைப் பார்க்கும். 'ஆர்குட்' என்று இருந்தால் மிரட்டலைக் காட்டும். அவ்வளவுதான் சங்கதி. ஓடுகிற நிரலுக்கு 'எஸ்விசிஹோஸ்ட்' என்று விண்டோஸின் சொந்த நிரல் ஒன்றின் பெயரை வைத்திருந்தார்கள். டாஸ்க் மேனேஜரில் உண்மையான எஸ்விசிஹோஸ்ட்கள் சிஸ்டம் கணக்கில் ஓடும். போலி மட்டும் உங்கள் பெயரில் ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருந்த பையனுக்கு ஹாஸ்டலில் தனி மதிப்பு.

எனக்கு இதில் சுவாரசியமான விஷயம் வேறு. ஆர்குட்டைக் குறிவைத்த புழு ஆர்குட் வழியாகப் பரவவில்லை. பென் டிரைவ் வழியாகப் பரவியது. விண்டோஸ் 95 காலத்தில் சிடியைப் போட்டதும் தானாக ஓடுவதற்காகக் கொண்டுவந்த ஆட்டோரன் வசதிதான் வாசல். எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டருக்குப் போய் பென் டிரைவ் ஐகானை டபுள் கிளிக் செய்தாலே, உள்ளே இருக்கும் ஆட்டோரன் கோப்பு எந்த நிரலைச் சொல்கிறதோ அது ஓடிவிடும். நம் ஊரில் 2007-ல் வீட்டு இணைப்பு இருந்தவர்கள் குறைவு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ரெஸ்யூமே, பாட்டு, போட்டோ எல்லாம் பென் டிரைவில்தான் ஊர் சுற்றின. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை, காலேஜ் லேப், நண்பன் வீடு, நம்ம வீடு. இணையத்தின் பாஷையில் சொன்னால் ஜெராக்ஸ் கடைதான் ஹப். ஒரு நாளில் எத்தனை பென் டிரைவ் அந்த ஒரே மெஷினில் செருகப்பட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

வீட்டு மெஷினுக்குப் பாதுகாப்பும் கிடையாது. அசெம்பிள் செய்து கொடுத்தவரே திருட்டு எக்ஸ்பியைப் போட்டு, முதல் வேலையாக ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்துவிடுவார். 2006-லிருந்து மைக்ரோசாஃப்ட் ஒரிஜினல்தானா என்று சோதித்து எச்சரிக்கை காட்டத் தொடங்கியிருந்தது, அந்தப் பயம். ஆன்டிவைரஸ் இருக்கும், அப்டேட் இருக்காது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களும் எம்பி எம்பியாக எண்ணித்தான் செலவு செய்தார்கள். சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து படம் டவுன்லோட் செய்தவர்கள் உண்டு. ஆன்டிவைரஸ் அப்டேட்டுக்காக எழுந்தவரை நான் பார்த்ததில்லை.

மிரட்டலை ஏன் நம்பினார்கள்? அப்போது நம்பும்படிதான் செய்திகள் வந்துகொண்டிருந்தன. 2006 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, இந்தியாவை வெறுக்கும் ஆர்குட் குழு ஒன்றின் விஷயத்தில் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆர்குட்டில் வந்த பதிவுகளுக்காக மகாராஷ்டிரத்தில் பிரவுசிங் சென்டர்கள் அடித்து நொறுக்கப்பட்டன. 2007-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆர்குட் நிஜமாகவே முடக்கப்பட்டது. துபாயில் அண்ணனோ மாமாவோ இருந்த வீடுகளுக்கு அது நேரடிச் செய்தி. காலேஜ் லேபிலும் ஆபீஸிலும் ஏற்கெனவே பிளாக். இத்தனைக்கும் நடுவில் வீட்டுத் திரையும் 'பேன்' என்றால் வேறென்ன நினைப்பது?

இந்தியாவில் சோஷியல் மீடியா வரலாறு என்று எழுதுபவர்கள் ஆர்குட் போனது, ஃபேஸ்புக் வந்தது என்று கம்பெனிச் சண்டையாகவே எழுதுகிறார்கள். அந்தத் தளங்களை மக்கள் எந்த மெஷினில், எந்த நிலைமையில் பார்த்தார்கள் என்பது அதில் வருவதே இல்லை. எனக்கு அது பாதி வரலாறாகத்தான் படுகிறது.

விட்டுப்போன பாதியில் வைத்தியங்களும் அடக்கம். டபுள் கிளிக் செய்யாதே, ரைட் கிளிக் செய்து எக்ஸ்ப்ளோர் கொடு. பென் டிரைவைச் செருகும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடி. எனக்கு மிகவும் பிடித்தது, பென் டிரைவில் நாமே 'ஆட்டோரன்.இன்ஃப்' என்ற பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி வைப்பது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஃபோல்டரும் கோப்பும் இருக்க முடியாது என்பதால் புழுவால் தன் கோப்பை எழுத முடியாமல் போகும். கெட்டிக்கார வைரஸ்கள் பிறகு அந்த ஃபோல்டரையே அழிக்கக் கற்றுக்கொண்டன என்பது வேறு கதை. விண்டோஸ் 7-ல்தான் பென் டிரைவுக்கான ஆட்டோரனை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. எக்ஸ்பிக்கு அப்டேட் வழியாக அதைப் பரவலாக அனுப்பியது 2011 பிப்ரவரியில். அப்டேட்டை அணைத்து வைத்திருந்தவர்களுக்கு அதுவும் போய்ச் சேரவில்லை.

கடைசி வைத்தியம் ஃபார்மட். உண்மையான இழப்பு இங்கேதான். அந்த நாட்களின் பல பென் டிரைவ் வைரஸ்கள் உங்கள் ஃபோல்டர்களை அழிப்பதில்லை. ஒளித்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் ஐகானோடு ஒரு போலி நிரலை வைக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியையும் முடக்கிவிடும். போட்டோ போச்சு என்று வீடே கலங்கும். அதுவோ அங்கேயேதான் இருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் என்ற கட்டளையை ஒரு வரி அடித்தால் திரும்பி வந்துவிடும்.

என் பெரியம்மா மகளின் வளைகாப்புப் படங்கள் இப்படித்தான் போயின. சர்வீஸுக்கு வந்தவர் "எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு மேடம்" என்று சொல்லி, சி-யோடு டி டிரைவையும் சேர்த்து ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா முன்பே ஆர்குட்டில் ஏற்றியிருந்த பன்னிரண்டு படங்கள்தான் மிச்சம். ஆர்குட் ஆல்பத்தில் முதலில் அவ்வளவுதான் இடம். 2014-ல் மூடுவதாக அறிவிப்பு வந்ததும் அவற்றை இறக்கி வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கோ, 'காலியாக' இருக்கும் பென் டிரைவோ கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு லினக்ஸ் மெஷினில் செருகிப் பாருங்கள். அங்கே இந்த ஆட்டோரன் எதுவும் ஓடாது. விண்டோஸ் ஒளித்து வைத்த ஃபோல்டர்களும் லினக்ஸில் சாதாரணமாகவே தெரியும். உள்ளே ஹீப்41ஏ ஃபோல்டர் அப்படியே இருந்தால் அழித்துவிடாமல் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.