சுது கங்கையின் இரு நீர்கள்: உக்குவளைக்குக் கீழே போசணைச் சுமையை அளத்தல்

மாத்தளை வழியே ஓடும் சுது கங்கையின் போசணை நிலையை மாதம் ஒருமுறை கையால் அள்ளிய மாதிரிகளின் சராசரியைக் கொண்டு மதிப்பிடும் வாசிப்போடு இக்கட்டுரை முரண்படுகிறது. மாதிரிகள் போதாதவை என்பது வழக்கமான குறை. தானியங்கி உணரிகளை வேண்டுவோரும் அதையே காரணம் காட்டுவர். சிக்கல் அதைவிட ஆழமானது: உக்குவளைக்குக் கீழே அள்ளப்படும் மாதிரிகள் ஒரே ஆற்றுக்கு உரியவை அல்ல.

1976 முதல், கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் வழியே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து சுது கங்கையில் சேர்கிறது. சுரங்கம் செக்கனுக்கு ஏறத்தாழ 56 கனமீற்றர் நீரைக் கொண்டுவரக்கூடியது. மின்தேவைக்கும் கீழ்நிலப் பாசனத்துக்கும் ஏற்ப இவ்வரத்து மாறும். மிகும்போது ஓடுவது கண்டி நகரையும் மேல்மலைத் தோட்டங்களையும் கடந்துவந்த நீர். குறையும்போது எஞ்சுவது மாத்தளைக் குன்றுகளின் சொந்த நீர். இரண்டின் செறிவையும் கூட்டி வகுத்து வரும் எண் இரண்டில் எதற்கும் பொருந்தாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். நாளில் பாதி நேரம் செக்கனுக்கு 50 கனமீற்றர் நீர், லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசனுடன் ஓடுகிறது. மறுபாதியில் 5 கனமீற்றர், 2 மில்லிகிராமுடன். சராசரிச் செறிவைச் சராசரிப் பாய்ச்சலால் பெருக்கினால் சுமை செக்கனுக்கு 34.4 கிராம். உண்மையில் அது 17.5 கிராமே. செறிவுகளை இடம்மாற்றினால் உண்மைச் சுமை 51.25 கிராமாக உயரும். சராசரிவழிக் கணக்கோ அதே 34.4 கிராமில் நிற்கும். பிழையின் அளவு மட்டுமன்று, அதன் திசையும் எந்த நீர் செறிவுமிக்கது என்பதைப் பொறுத்தது. மாதாந்த மாதிரிகளின் எண்ணிக்கையை உயர்த்தினாலும், அள்ளிய கணத்தின் வரத்தைப் பதியாதவரை இப்பிழை நீங்காது.

எனவே உக்குவளைக்குக் கீழே ஏதோவொரு பாலத்தடியில் ஒற்றை உணரியை நாட்டுவது பழைய பிழையை விரைவாகச் செய்வதாகவே முடியும். மின்நிலைய வெளியேற்றத்தில் ஒன்று, சங்கமத்துக்கு மேலே சுது கங்கையில் ஒன்று என இரண்டு தேவை. இரண்டிலும் பாய்ச்சலும் பதிவாக வேண்டும். மாத்தளையில் சுண்ணப் பளிங்குப் பாறைகள் உண்டு. அவற்றிலிருந்து கரையும் உப்புகள் உள்ளூர் நீரின் மின்கடத்துதிறனை உயர்த்தக்கூடும். ஆகவே இரு நீர்களையும் பிரித்தறிய மின்கடத்துதிறன் உதவக்கூடும்.

ஊதாக் கடந்த ஒளியால் நைத்திரேற்றை அளக்கும் உணரி கலங்கல் நீரிலும் கரைந்த சேதனப் பொருள் மிகுந்த நீரிலும் தடுமாறும் என்பது மெய்யே. அது அளவுதிருத்தத்தால் கையாளக்கூடியது. செலவு பற்றிய ஆட்சேபம், அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் செலவிட்டவற்றின் முன் நீண்ட பதிலை வேண்டாதது. வலுவான ஆட்சேபம் பொசுபரசு பற்றியது. அதன் பெரும்பங்கு வண்டலில் ஒட்டி வெள்ளத்தோடு நகரும்; நைத்திரேற்று உணரி அதைக் காணாது. கலங்கற்றன்மைப் பதிவும் வெள்ளநேர மாதிரிகளும் சேர்ந்தால்தான் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள போவதென்ன நீர்த்தேக்கத்துக்குச் செல்லும் பொசுபரசை ஓரளவேனும் மதிப்பிடலாம்.

இரு நீர்களையும் பிரிக்காமல் வரும் எந்தப் பரிந்துரையும், கண்டியின் கழிவுநீருக்கு மாத்தளை மரக்கறிச் செய்கையாளரையோ, அவர்களின் உரத்துக்குக் கண்டி நகரையோ பொறுப்பாக்கும் அபாயம் உடையது. அந்தப் பிரிப்பு நடக்கும்வரை சராசரிகளின்மேல் உரக் கொள்கை வகுப்பதை ஏற்க முடியாது.