உரிமை, நலக்குறிக்கோள், நெருக்கடி அதிகாரம்: கிண்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (1950–1980)

முன்னுரை

இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகளையும், நான்காம் பகுதி அரசு எய்த வேண்டிய நலக்குறிக்கோள்களையும், பதினெட்டாம் பகுதி நெருக்கடிநிலை அதிகாரங்களையும் வகுத்துரைக்கின்றன. பின்னவை இரண்டும் உரிமையின் எல்லையைச் சுருக்கக்கூடியவை. அதனால் இரண்டும் ஒரே தன்மையன என்று கொள்வது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சென்னையின் தென்பகுதியில், 1931 முதல் கடற்கரை–தாம்பரம் மின்தொடர்வண்டி கடந்து செல்லும் கிண்டியில், பொறியியற் கல்லூரியும் ஆளுநர் மாளிகையும் அமைந்துள்ளன. முன்னது 1950ஆம் ஆண்டு வழக்கோடும், பின்னது 1976ஆம் ஆண்டு ஆட்சிக் கலைப்போடும் தொடர்புடையவை. இவ்விரு நிகழ்வுகளின்வழி அக்கருத்து ஆராயப்படுகிறது.

பொறியியற் கல்லூரியும் வகுப்புவாரி அரசாணையும்

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் தொடங்கிய வகுப்புவாரி உரிமைக் கொள்கை, பின்னர்க் கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிந்தது. 1950இல் ஒவ்வொரு 14 இடங்களும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, இசுலாமியர்களுக்கு 1 எனப் பகுக்கப்பட்டன. இதனை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் மருத்துவக் கல்வி தொடர்பாகவும், சி. ஆர். சீனிவாசன் கிண்டிப் பொறியியற் கல்லூரிச் சேர்க்கை தொடர்பாகவும் வழக்குத் தொடுத்தனர். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை, சீனிவாசனோ விண்ணப்பித்திருந்தவர். ஆயினும் வரலாற்றில் நிலைத்தது செண்பகத்தின் பெயரே.

நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணுமாறு உறுப்பு 46 பணிப்பதாக மாநில அரசு வாதிட்டது. உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. நெறிமுறைகள் அடிப்படை உரிமைகளுக்குத் துணையாகவே இயங்க வேண்டும் எனக் கூறி, உறுப்பு 29(2)இன்படி அரசாணையைச் செல்லாததாக்கியது. முன்னதாக, 1950இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துப் பெரியார் முன்னெடுத்த போராட்டம் தமிழகமெங்கும் பரவியிருந்தது. 1951 சூனில் நிறைவேறிய முதல் திருத்தம் உறுப்பு 15(4)ஐச் சேர்த்தது. பொதுத்தேர்தல் நடைபெறுமுன் இயங்கிய இடைக்கால நாடாளுமன்றமே இத்திருத்தத்தை நிறைவேற்றியது என்பதும் கருதத்தக்கது. எனினும், அதன் ஒவ்வொரு படியிலும் வாதம் வெளிப்படையாக நிகழ்ந்தது. குடிமகன் வழக்காடினான், அரசு தோற்றது, பின்னர்ச் சட்டம் மாறியது.

ஆளுநர் மாளிகையும் நெருக்கடிநிலையும்

1975 சூன் 25 அன்று உறுப்பு 352இன்கீழ் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. இரு நாள்களில், உறுப்பு 359இன்கீழ்ப் பிறந்த ஆணை 14, 21, 22 ஆகிய உறுப்புகளைச் செயற்படுத்துமாறு நீதிமன்றத்தை நாடும் உரிமையை நிறுத்தி வைத்தது. 1976 சனவரி 31 அன்று, ஆளுநர் கே. கே. ஷாவின் அறிக்கையைத் தொடர்ந்து, உறுப்பு 356இன்கீழ் மு. கருணாநிதி தலைமையிலான அரசு கலைக்கப்பட்டது. இவ்விரு உறுப்புகளும் வேறானவை. எனினும் தமிழகத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மிசாச் சட்டத்தின்கீழ் எதிர்க்கருத்தினர் பலர் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் செங்கற்பட்டு மக்களவை உறுப்பினரும் சென்னையின் முன்னாள் மேயருமான சி. சிட்டிபாபுவும் ஒருவர். சிறையில் தாக்கப்பட்ட அவர் 1977 சனவரியில் இறந்தார். அச்சிறைக் கொடுமைகளை நீதியரசர் மு. மு. இசுமாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது.

1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம், நெருக்கடிநிலையின்போது ஆட்கொணர்வு மனுவைத் தொடுக்கும் தகுதி எவருக்கும் இல்லையெனப் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நீதியரசர் எச். ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். சீனிவாசனுக்கு 1950இல் திறந்திருந்த நீதிமன்றம், சிறைப்பட்டவர்களுக்கு 1976இல் அடைபட்டிருந்தது.

இரண்டையும் இணைத்த திருத்தம்

அதே நெருக்கடிநிலைக் காலத்தில் இயற்றப்பட்ட 42ஆம் திருத்தம் உறுப்பு 31-சியை விரித்தது. எந்த நெறிமுறையை நிறைவேற்றும் சட்டமும் 14, 19 ஆகிய உறுப்புகளுக்கு முரணானது என்ற காரணத்தால் செல்லாததாகாது என்றது. நலக்குறிக்கோளின் பெயரால் நீதிமன்ற ஆய்வை விலக்கும் முயற்சி இது. 1980இல் மினர்வா ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்விரிவைச் செல்லாததாக்கி, உரிமைகளுக்கும் நெறிமுறைகளுக்கும் இடையிலான சமநிலை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சார்ந்தது என்றது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தமோ, 20, 21 ஆகிய உறுப்புகளை எந்நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க இயலாதவாறு காத்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை நீக்கி 'ஆயுதக் கிளர்ச்சி' என்பதை அவ்விடத்தில் வைத்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2017இல் வெளிப்படையாகவே நீக்கப்பட்டது.

முடிவுரை

நலக்குறிக்கோள் உரிமையோடு வாதிடுகிறது. நெருக்கடி அதிகாரம் வாதிடும் இடத்தையே அகற்றுகிறது. முதல் மோதலால் தமிழகம் இடஒதுக்கீட்டிற்கு அரசியலமைப்புப் பாதுகாப்பைப் பெற்றது. இரண்டாவதில் இழந்த உயிர்களைத் திருத்தங்களால் மீட்க இயலவில்லை. ஆதலின், உரிமையைச் சுருக்கும் எந்தச் சட்டத்தையும் மதிப்பிடும்போது, அதன் நோக்கம் நல்லதா என்று வினவுவதோடு அமையாது, அதனால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் நிற்க இடமுண்டா என்றும் வினவுதல் வேண்டும். கிண்டியின் இரு நிகழ்வுகளும் தரும் வரலாற்றுப் படிப்பினை இதுவே.