நீக்கியது இரண்டு வரி, பூட்டு திறந்து கிடந்தது 20 மாதம்

நான் படிப்பது பி.காம். நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் டெபியன் லினக்ஸில் நடந்த இந்தக் கதையைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

டெபியன்காரர்கள் பிறர் எழுதிய மென்பொருளின் மூலநிரலை வாங்கி, தேவைப்பட்டால் கையால் திருத்தி, மறுபடி பொதியாகக் கட்டி வெளியிடுவார்கள். திருத்தத்துக்குப் பெயர் பேட்ச். அது பொதியின் பெயரிலேயே தெரியும். 0.9.8c-1 என்றால் 0.9.8c மூல ஆசிரியர்களுடையது. கோட்டுக்குப் பின் உள்ள 1 டெபியன் கைபட்டதற்கு அடையாளம்.

இது ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியின் எண். இணையத்தில் ரகசியச் சாவிகள் தயாரிக்கும் மென்பொருள் அது. அதன் நிரலில் ஒரே மாதிரி இரண்டு வரிகள், இரண்டு இடங்களில் இருந்தன. வால்கிரைண்ட் என்ற பிழை தேடும் கருவி இவற்றால் ஓயாமல் எச்சரிக்கை கொடுத்தது. பொதியைப் பராமரித்தவர், நீக்கலாமா என்று 2006 மே மாதம் ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவிடமே கேட்டார். பிழை தேட உதவுமென்றால் நீக்கலாம் என்ற தொனியில் பதில் வந்தது. நீக்கினார், பொதியைக் கட்டினார், செப்டம்பர் 17-ல் வெளியானது.

ஒரு வரி போனதில் நஷ்டமில்லை. இன்னொன்றோ, சாவிக்கு வேண்டிய குருட்டாம்போக்கு எண்கள் உள்ளே வரும் ஒரே வாசல்! அது அடைபட்டதும் மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். அன்றைய லினக்ஸில் அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டியதில்லை. ஊர் முழுக்கப் பூட்டு விற்ற கடையில் மொத்தமே அத்தனை சாவிகள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் எல்லாவற்றையும் செய்து கொத்தாக இடுப்பில் சொருகிக்கொள்ளலாம்.

பொதி ஒழுங்காகக் கட்டப்பட்டது, ஓடியது. ஒவ்வொரு சாவியும் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. உபுண்டுவுக்கும் இதே நிரல் போனது. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, அறிவிப்பு வந்தது 2008 மே 13-ல்தான். மூலநிரல் உலகமே பார்க்கும்படி திறந்து கிடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். (எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் வவுச்சர் இருந்தால் போதாது, அதை யாராவது பார்க்கவேண்டும் என்பார்கள்.)

திருத்தத்தை எங்களுக்கு அனுப்பியிருக்கவேண்டும் என்று அந்தப் பக்கம் கோபம். கேட்டுத்தானே செய்தோம் என்று இந்தப் பக்கம். என்னைக் கேட்டால், தீங்கில்லாத வரியின் அருகே இது கருவிகளைத் தொந்தரவு செய்யும் என்று குறிப்பு எழுதியவர்கள், உயிர்நாடியான வரிக்கும் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம்.

வரியைத் திரும்பச் சேர்த்து, பொதியைக் கட்டி, அறிவிப்போடு சேர்த்தே வெளியிட்டுவிட்டார்கள். அது சுலபம். ஆனால் அந்த 20 மாதத்தில் பிறந்த சாவிகள்? அவை வேறு கணினிகளுக்கும் போயிருந்தன. டெபியனே இல்லாத சர்வர்கூட, டெபியனில் செய்த சாவியை நம்பியிருந்தால் ஆபத்துதான். டிஎஸ்ஏ வகையில் இன்னும் மோசம்: வேறெங்கோ நல்லபடி செய்த சாவியை அந்தக் கணினியில் ஒருமுறை கையெழுத்திடப் பயன்படுத்தியிருந்தாலே அதையும் தூக்கி எறியவேண்டும்.

கடைசியில் பலவீனமான சாவிகளின் பட்டியலையே ஒரு தனிப் பொதியாகக் கட்டி அனுப்பினார்கள். அதில் இருந்த சாவியோடு யார் வந்தாலும் சர்வர் அப்போது கதவைத் திறக்கவில்லை.