மேல்மாடியில் ஒரு ஷாங்காய்

ஹாங்காங்கின் பழைய பேங்க் ஆஃப் சைனா கட்டடத்திலிருந்து, 1967 கலவரத்தின்போது ஒலிபெருக்கிகள் கம்யூனிசப் பிரச்சாரத்தை அலறின. பிரிட்டிஷ் அரசு பதிலுக்கு இன்னும் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து கான்டனீஸ் இசைநாடகத்தைப் போட்டுவிட்டது.

1991இல் அதே கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில், டேவிட் டாங் ‘சைனா கிளப்’ என்று உறுப்பினர்களுக்கான உணவகம் ஒன்றைத் திறந்தார். உள்ளே 1930களின் ஷாங்காய் தேநீர் விடுதியைப் போன்ற அலங்காரம். அந்த ஷாங்காயை 1949இல் முடித்துவைத்தவர்கள் யார்? வங்கிக்குச் சொந்தக்காரர்களான அதே கம்யூனிஸ்டுகள்தான்.

பணக்காரர்களின் பழமை மோகம்னு இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. புரட்சிக்குப் பயந்து ஷாங்காயிலிருந்து ஓடிவந்தவர்கள் நிறையப் பேர் குடியேறிய ஊர் அது. 1997இல் ஊரே சீனாவிடம் போகப்போவது எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை பறிகொடுத்த நகரத்தை, பறித்தவர்களின் கூரைக்கடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.